வாசிப்புப் பிரதி

கண்ணாடி அலமாரியில் இருந்த எந்தப் புத்தகத்தையும் அவள் படித்ததில்லை. அதுதான் விதி. விதியை வகுத்தவளும் அவள்தான்.

நாவல்களின் முதல் பதிப்பு மட்டுமே அந்த அலமாரிக்குள் நுழையலாம். இரண்டாம் பதிப்பு என்றால் எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் வாசலோடு சரி. வீடு காலி செய்கிறவர்கள், கடை மூடுகிறவர்கள், இழுத்துப் பூட்டிய பள்ளிக்கூடங்கள் என்று எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்விடுவாள். தூசியில் தும்மிக்கொண்டே முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் எத்தனையாவது பதிப்பு என்று பார்ப்பாள். அப்புறம் மேலுறை. மேலுறை கிழியாமல் இருந்தால் அன்றைக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும். அச்சுப்பிழை இருந்தால் இன்னும் விசேஷம். அடுத்த அச்சில் திருத்திவிடுவார்கள், அதனால் பிழையோடு இருப்பதுதான் அசல் என்பாள். வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, மேலுறைக்கு மேல் கண்ணாடித்தாள் சுற்றி, ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து பார்த்து, உள்ளே வைத்துப் பூட்டுவாள். அவ்வளவுதான். அப்புறம் அதைத் தொடமாட்டாள்.

"படிக்கவே போறதில்லன்னா எதுக்கு வாங்கணும்?" என்று கல்யாணமான புதிதில் அவன் கேட்டான்.

"நீ என்னைக் கட்டிக்கிட்டியே, தினமும் புரிஞ்சுக்கிட்டா குடும்பம் நடத்துற? பேசாம இரு."

படிப்பதற்கு அவளிடம் வேறு பிரதி இருக்கும். அதே நாவலின் ஏதோ ஒரு மறுபதிப்பு. நடைபாதைக் கடையில் நாலு கை மாறி வந்தது, அட்டை தொங்குவது, யாரோ டீக் கறை வைத்தது. அதற்கு அவள் வைத்த பெயர் வாசிப்புப் பிரதி. அதைப் படாத பாடு படுத்துவாள். குப்புறக் கவிழ்ப்பாள், தலையணைக்கு அடியில் திணிப்பாள், பேருந்தில் நின்றபடி ஒற்றைக் கையால் சுருட்டிப் பிடிப்பாள். நிறுத்திய இடத்தில் பக்கத்தின் மூலையை மடக்கிவைப்பாள். மறுபடி எடுத்ததும் அதை நிமிர்த்திவிடுவாள். அதனால் அவள் கையில் இருக்கும் புத்தகத்தில் எப்போதும் ஒரே ஒரு மூலைதான் மடங்கியிருக்கும்.

அவன் நாவல் படிக்கிறவன் இல்லை. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் செவித்திறன் பரிசோதிக்கும் வேலை. ஆளைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே இருந்து ஒலி அனுப்புவான். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் ஒலி வராதபோதும் அழுத்துவார்கள். தோற்றுப்போக மனசு வராது. "சார், இப்ப நான் ஒண்ணுமே அனுப்பலையே" என்றால் "எனக்குக் கேட்டுச்சு, உங்களுக்குத்தான் காது சரியில்ல" என்று அவனையே மடக்குவார்கள். நாள் முழுக்க இப்படி மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு அச்செழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும். ஆகவே அவள் கதை சொல்வாள், அவன் கேட்பான்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகப் படித்தது ஒரு வீட்டின் கதை. அந்த வீட்டு மாடியறையில் ஒரு வாரம் தங்க வந்த ஆள் வருஷக்கணக்காகக் கிளம்பாமல் இருக்கிறான். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

வேலை முடிந்து போய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொல்வது அதைத்தான்.

"இன்னைக்கும் கிளம்பல."

"சோறாவது போடுறாங்களா?"

"போடுறாங்க. உப்பு பத்தலன்னு குறை வேற சொல்றான்."

"அப்ப உங்கண்ணன்தான்."

அவள் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நர்ஸ் வருவாள். நர்ஸ் வந்தால் அவன் எழுந்து நிற்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவள் கண்ணெல்லாம் மின்னச் சொன்னாள். "பெட்டிய எடுத்துக் கட்டில் மேல வச்சுட்டான். சட்டையெல்லாம் மடிச்சு உள்ள வைக்கிறான். நாளைக்குச் சொல்றேன், கிளம்பினானா இல்லையான்னு."

மறுநாள் அவன் போனபோது முகத்தில் மூச்சுக்கான மூடி போட்டிருந்தார்கள். பேசக் கூடாது. "பேச்சுதான் இல்ல, படிப்பு நிக்கல. சொன்னா கேட்டாத்தானே" என்று நர்ஸ் அவனிடம் புகார் வைத்தாள். அவன் மனைவியைக் கேள்வியாகப் பார்த்தான். அவள் கையை ஆட்டினாள். அப்புறம் சொல்கிறேன் என்றா, தெரியாது என்றா, போய்விட்டான் என்றா, அவனுக்கு விளங்கவில்லை. விளங்கினாற்போல் தலையை ஆட்டிவைத்தான். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு அவளுடைய அண்ணன் வந்தார். நல்ல மனிதர். வாய் ஓயாத மனிதர். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மாப்பிள்ளை, எங்க திரும்பினாலும் புத்தகமா இருக்கு. இதுக்கு நடுவுல நீங்க எப்படித் தூங்குவீங்க? வேணும்ங்கிறத வச்சுக்குங்க. மத்தத எங்கயாவது குடுத்துடலாம்."

"சரி மச்சான்."

எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால் புத்தகங்களை அவரிடம் விடவில்லை. அவனே பிரித்தான். அவளிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் இந்த ஒரு வேலை அவனுக்கு அத்துப்படி. முதல் பதிப்பை வைக்க வேண்டும், மறுபதிப்பைக் கழிக்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்தான். அவளே உட்கார்ந்து பிரித்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை கடைசியில் இருந்தது. துண்டு, சீப்பு, மூக்குக் கண்ணாடி, மாடியறை ஆளின் கதை. சீப்பை எடுத்துப் பத்திரமாக வைத்தான். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். ஆறாம் பதிப்பு. கழிக்கிறவற்றோடு சேர்த்துச் சணலால் கட்டினான். கட்டுகள் எல்லாம் தெருமுனை நூலகத்துக்குப் போயின.

சில மாதம் கழித்துப் பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்தார். அவள் அவரை மேலுறை என்றுதான் சொல்வாள். வீட்டுக்குள் வந்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன் மேலுறையைப் பார்ப்பாராம். துக்கம் கேட்க வந்தவர், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று துக்கத்தை மறந்துபோனார். திறக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். திறந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"அடடா. ஒரு ரேகை இல்ல, ஒரு கறை இல்ல. தம்பி, இப்படி வச்சிருக்கிற ஆள நான் பார்த்ததே இல்ல. கை படாத பிரதி!"

"ஆமா."

"எல்லாமே கை படாதது. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. விக்கிறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை."

"அவ படிச்ச பிரதிங்க வேற இருந்துச்சு" என்றான் அவன். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அதெல்லாம் கழிவு தம்பி. அத யாரு கேக்கப் போறா?"

அவர் போன பிறகு அவன் அலமாரிக்கு முன்னால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் கை படாததையெல்லாம் பூட்டிவைத்திருக்கிறான். கை பட்டதையெல்லாம் சணலில் கட்டி அனுப்பிவிட்டான். அந்த ஆறாம் பதிப்புக்குள் ஒரு மூலை மடங்கியிருந்தது. அவள் எதுவரை வந்தாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அந்த ஆள் கிளம்பினானா இல்லையா என்று தெரிந்துகொண்டு போனாளா, தெரியாமல் போனாளா? அந்த மூலையைப் பார்த்தால் போதும். அதுவரை அவனும் படிப்பான். அங்கேயே நிறுத்திக்கொள்வான்.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனான்.

நூலகர் அம்மாளுக்கு அவனை நினைவிருந்தது. இவ்வளவு ஒழுங்காகக் கட்டிக்கொண்டுவந்து கொடுத்தவர் யாருமில்லை என்று பாராட்டினார். புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"நீங்க குடுத்ததுலயே அதுக்குத்தான் கிராக்கி. வந்ததுல இருந்து ஷெல்ஃபுல உக்காந்ததே இல்ல. இப்பவும் வெளியிலதான் இருக்கு."

"யாருகிட்ட?"

"அத நாங்க சொல்லக் கூடாதுப்பா."

"இதுக்கு முன்னாடி யாராவது எடுத்தாங்களா?"

"ரெண்டு மூணு பேர் எடுத்திருப்பாங்க. ஏன், உள்ள எதையாவது வச்சு மறந்துட்டீங்களா?"

"ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அதைப் பார்க்கணும்."

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. "நான் சொன்னதா இருக்கக் கூடாது. அவங்களே உங்கள வரச் சொன்னாங்க. மேம்பாலத்துக்குக் கீழ சலவைக்கடை இருக்கில்ல, அந்தக் கடைக்காரம்மா. படிச்சு முடிச்சுட்டாங்களாம்."

"புத்தகத்தை நான் திருப்பி எடுத்துக்கலாமா?"

"முத்திரை குத்தியாச்சேப்பா. நூலகத்துச் சொத்து. வேணும்னா உங்க பேர்ல எடுத்துட்டுப் போய்ப் படிங்க."

படிக்கிறவர்கள் மற்றவர்களின் மடிப்பை எங்கே கவனிக்கப் போகிறார்கள் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். புரட்டிக்கொண்டு போவார்கள். மடங்கியது மடங்கியபடியே இருக்கும். இருக்க வேண்டும்.

சலவைக்கடையில் ஆவி கண்ணை மறைத்தது. தலைக்கு மேல் உறை போட்ட உடுப்புகள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் சின்ன எண் அட்டை. மேசைக்குப் பின்னால் நின்ற கடைக்கார அக்காவுக்குத் தடித்த கைகள். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். ஒரு சட்டையின் கழுத்துப் பட்டையை அழுத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நூலகத்தம்மா சொன்ன தம்பியா? வாங்க, வாங்க. உங்க வீட்டுப் புத்தகமாமே? உக்காருங்க. அந்தத் துணி மூட்டை மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது."

மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றியதை எடுத்து, பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எப்படி வச்சிருக்கேன் பாருங்க. என்கிட்ட வரும்போது என்ன கோலத்துல இருந்துச்சு தெரியுமா? மூலையெல்லாம் சுருண்டு, மடங்கி, மழையில நனைஞ்ச சட்டைக் காலர் மாதிரி. எனக்கு அத வச்சுப் படிக்கவே முடியல. மடிப்பு எடுக்கிறதுதானே நம்ம பொழப்பு! ஒரு நாள் வேலை இல்லாத நேரத்துல பெட்டிய லேசா சூடு பண்ணி, மேல மெல்லிசாத் துணியப் போட்டு, ஒவ்வொரு பக்கமா நீவி எடுத்துட்டேன். இப்ப புதுசு மாதிரி இல்ல?"

புதுசு மாதிரிதான் இருந்தது. அவன் கட்டைவிரலால் ஓரத்தை மெல்லச் சரித்துவிட்டான். பக்கங்கள் நூல் பிடித்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எங்கும் தடுக்கவில்லை. இன்னொரு தரம் சரித்தான். தடுக்கவில்லை.

"ஒரு பக்கம் மட்டும் மடங்கினபடியே இருந்திருக்கும்" என்றான். "மத்ததெல்லாம் கோடு மட்டும்தான் இருக்கும். அது ஒண்ணுதான் மடங்கி இருந்திருக்கும்."

"அப்படியெல்லாம் பார்க்கலையே தம்பி. கோடோ மடிப்போ, கண்ணுல பட்டதெல்லாம் நீவிட்டேன். ஏன்?"

"என் மனைவி படிச்சுக்கிட்டிருந்த புத்தகம். எங்க நிறுத்தினாங்கன்னு பார்க்க வந்தேன்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கையை அழுத்தித் துடைத்தாள்.

"நாசமாப் போச்சு. நான் ஒருத்தி... இருங்க, இருங்க. எவ்வளவு தேய்ச்சாலும் மடிப்பு முழுசாப் போகாது. வெளிச்சத்துல காட்டினா தெரியும். சட்டையில நாங்க அப்படித்தான் பார்ப்போம்."

மேசைக்கு மேல் தொங்கிய விளக்கைக் கீழே இழுத்தாள். பக்கம் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் சொன்னது சரிதான். பல பக்கங்களின் மூலையில் மெல்லிய கோடு, ஈரத் துணி காய்ந்த தடம் மாதிரி. சிலது மேல் மூலையில். சிலது கீழ் மூலையில். அக்காவின் விரல் வேகமாக ஓடியது.

"ரெண்டு ஆளு கை தம்பி. பாருங்க, ஒருத்தர் மேல மடக்கியிருக்காங்க, ஒருத்தர் கீழ. நான் மடக்கல, நான் ரசீதத்தான் வச்சுப் படிச்சேன்."

"பெட்டியக் கட்டில் மேல வைக்கிற இடம் எது?"

"சட்டை மடிக்கிறானே, அதா? இதோ."

அந்தப் பக்கத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனதும் மேல் மூலையில் ஒரு கோடு. அதற்குப் பிறகு மேல் மூலைகள் சுத்தமாக இருந்தன. கீழ் மூலைகளில் மட்டும் கோடுகள் தொடர்ந்தன. கடைசித் தாள் வரை தொடர்ந்தன.

"இந்த மேல் மடிப்பு வரைக்கும் படிச்சிருந்தா, அவன் கிளம்பினானா இல்லையான்னு தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது" என்றாள் அக்கா. "அது கடைசிப் பக்கத்துலதான் வருது. சொல்லட்டுமா?"

"வேணாம்க்கா."

"அப்ப ஒண்ணுதானே தெரியணும். உங்க வீட்டுல மடக்குனது மேலயா, கீழயா?"

அவன் மேல் மூலையைத் தொட்டான், கீழ் மூலையைத் தொட்டான். கண்ணை மூடிப் பார்த்தான். கட்டில் வந்தது. ஊசி குத்திய கையில் ஒட்டியிருந்த பட்டை வந்தது. விரலில் தளர்ந்துபோன மோதிரம் வந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்து, அது தீரப்போகிறதா என்று அவன் பார்த்துக்கொண்டே இருந்த புட்டி, எல்லாம் வந்தது. புத்தகம் மூடுகிற சத்தம்கூடக் கேட்டது. மூடுவதற்கு முன்னால் அந்த விரல் எந்தப் பக்கம் போனது என்பது மட்டும் வரவில்லை.

"வீட்டுல யாருக்காவது தெரியும்ல? போன் போட்டுக் கேளுங்க" என்று அக்கா அவசரப்படுத்தினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. வாசலில் உடுப்பு வாங்க வந்து நின்றவரை, "அப்புறம் வாங்க" என்று விரட்டினாள்.

அவன் மச்சானை அழைத்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க? சாப்பிட்டீங்களா?"

"மச்சான், அவ புத்தகம் படிக்கும்போது பக்கத்தோட மூலைய மடக்குவா. மேலயா, கீழயா?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"மேல. மேலதான் மாப்பிள்ளை. சின்ன வயசுல அதுக்காக வாத்தியார்கிட்ட அடி வாங்கி... இல்ல, இருங்க, அடி வாங்கினது நான். அவளுக்கு... என்ன மாப்பிள்ளை திடீர்னு? அம்மாகிட்ட குடுக்கிறேன், இருங்க."

போன் கை மாறியது. மாமியார் வந்ததும் அவன் அதையே மறுபடி கேட்டான்.

"மடக்குறதா? அவ எங்க மடக்கினா? ஹேர்பின்னக் கழட்டி வைப்பா. அதுவும் என் ஹேர்பின்."

"அது கல்யாணத்துக்கு முன்னாடி அத்தை. இப்ப, கடைசியா."

"கடைசியாவா?" மாமியார் யோசித்தாள். யோசிப்பது அவனுக்குக் கேட்டது. "நான் வந்தா புத்தகத்த மூடி வச்சுட்டு எங்கிட்ட பேச ஆரம்பிச்சிடுவாளே. நான் எங்க பார்த்தேன்? நீங்கதானே மாப்பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா அத்தை" என்றான். "பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."